விளக்கின் கணக்கில் விடுபட்ட கடல்

2019 பிப்ரவரி 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. வழக்கைத் தொடுத்தவர்களுள் குஜராத்தின் கட்ச் கடற்கரையைச் சேர்ந்த மீனவர்கள் இருந்தனர். எதிர்த்தரப்பு, உலக வங்கிக் குழுமத்தின் அங்கமான பன்னாட்டு நிதிக் கழகம். முந்த்ராவில் எழுந்த 4,000 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கு 2008இல் அக்கழகம் 45 கோடி டாலர் கடன் வழங்கியிருந்தது. நிலையம் கடலில் விடும் வெந்நீரால் கரையோர மீன்வளம் குன்றிவிட்டது, நிலக்கரித் தூசு காயவைத்த மீன்களின்மேல் படிகிறது, நிலத்தடி நீர் உவர்ப்பாகிவிட்டது என்பன மனுதாரர்களின் குற்றச்சாட்டுகள். பன்னாட்டு அமைப்பு என்பதாலேயே தன்மீது வழக்குத் தொடுக்க இயலாது என்ற கழகத்தின் வாதத்தை நீதிபதிகள் ஏழுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் நிராகரித்தனர். ஆயினும் மீனவர்களுக்கு இறுதி வெற்றி கிட்டவில்லை. வழக்கின் அடிப்படை அமெரிக்க மண்ணில் நிகழ்ந்த செயல் அன்று எனக் கூறிக் கீழமை நீதிமன்றங்கள் அதனைத் தள்ளுபடி செய்தன. 2022இல் உச்ச நீதிமன்றமும் மீண்டும் விசாரிக்க மறுத்தது.

சட்டக் கல்லூரிகளில் இவ்வழக்கு பன்னாட்டு அமைப்புகளின் சட்டக் காப்பைப் பற்றிய பாடமாகப் பயிலப்படுகிறது. இந்திய வீடுகளின் மின் பயன்பாட்டு வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் உண்டு. முந்த்ராவின் மின்சாரம் குஜராத், மகாராஷ்டிரம், இராஜஸ்தான், ஹரியாணா, பஞ்சாப் ஆகிய ஐந்து மாநிலங்களுக்கென ஒதுக்கப்பட்டது. அவற்றுள் மூன்று மாநிலங்களுக்குக் கடலே இல்லை. லூதியானாவில் ஒரு விளக்கு எரிவதற்கும் கட்ச் வளைகுடாவில் ஒரு வலை வெறுமையாக மேலெழுவதற்கும் இடையே உள்ள தொடர்பை எந்த மின்கட்டணச் சீட்டும் காட்டுவதில்லை. அத்தொடர்பு உருவான விதத்தை அறிந்தால்தான் வீட்டில் மிச்சப்படுத்தப்படும் மின்சாரம் கடலுக்கு எந்த அளவு உதவும் என்பதையும் மதிப்பிட முடியும்.

இந்திய அரசின் எரிசக்திச் சிந்தனையில் கடல் முதலில் ஒரு களஞ்சியமாகவே இடம்பெற்றது. 1973இல் கச்சா எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தபோது நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்தது. அடுத்த ஆண்டே அரபிக்கடலின் பாம்பே ஹை பகுதியில் எண்ணெய் கண்டறியப்பட்டது பேராறுதலாக அமைந்தது. 1978இல் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் நிறுவப்பட்டது. எரிபொருளைச் சேமிக்கும்படி அக்காலத்தில் குடிமக்களிடம் விடுக்கப்பட்ட வேண்டுகோளின் நோக்கம் செலாவணியைக் காப்பதே. எண்ணெய் தரும் கடலும் காக்கப்பட வேண்டிய ஒன்று என்னும் எண்ணம் அந்தச் சிக்கனத்தில் இடம்பெறவில்லை.

இரண்டாவதாகக் கடல் ஒரு குளிர்விப்புத் தொட்டியாயிற்று. அனல்மின் நிலையம் எரிபொருளின் வெப்பம் முழுவதையும் மின்சாரமாக மாற்றுவதில்லை. பழைய நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், நவீன நிலையங்களில் ஐந்தில் இரு பங்கும் மட்டுமே மின்சாரமாகின்றன. எஞ்சிய வெப்பத்தின் பெரும்பகுதி, சுழலியிலிருந்து வெளிவரும் நீராவியைக் குளிரச்செய்யும் நீரில் இறங்குகிறது. உள்நாட்டில் இதற்கெனக் குளிர்விப்புக் கோபுரங்கள் கட்டப்படுகின்றன. கடற்கரையிலோ கடல்நீரை உறிஞ்சி, ஒருமுறை சுற்றவிட்டு, சூடான நீரைக் கடலிலேயே விடுவது செலவு குறைந்த வழி. 1969இல் இயங்கத் தொடங்கிய தாராப்பூர் அணுமின் நிலையமும் அரபிக்கடலின் நீரையே குளிர்விப்புக்கு நம்பியது. உறிஞ்சப்படும் நீரோடு மீன்முட்டைகளும் இளம் உயிரிகளும் உட்செல்கின்றன. வெளிவரும் நீர் கரையோரத்தின் வெப்பநிலையை மாற்றுகிறது.

இந்த மாற்றத்துக்கு 1998இல்தான் இந்திய அரசு ஒரு வரம்பு விதித்தது. கடல்நீரைப் பயன்படுத்தும் புதிய அனல்மின் நிலையங்கள், நீரை ஏற்கும் கடற்பகுதியின் இயல்பான வெப்பநிலையை 7 டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்த்தலாகாது என்பது அவ்விதி. ஏழு டிகிரி என்பது பொறியியலாளருக்குச் சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆழமற்ற ஓதக் கழிமுகத்தில் முட்டையிடும் மீனுக்கு அது வேறு தட்பவெப்பம். முந்த்ராத் திட்டத்தில் முதலில் மூடிய சுற்றுக் குளிர்விப்பே எண்ணப்பட்டிருந்தது. பின்னர் அது ஒருமுறைச் சுற்று முறைக்கு மாற்றப்பட்டது. ஆண்டின் பல மாதங்கள் கடலோரக் குடியிருப்புகளில் தங்கி மீன்பிடிக்கும் குடும்பங்களும், படகின்றி ஓதத்தில் நடந்தே வலைவிரிக்கும் பகடியா மீனவர்களும் வாழும் கரை அது. கடன் வழங்கும் முன்னர் அம்மக்கள்மீதான தாக்கம் போதிய அளவு ஆராயப்படவில்லை என நிதிக் கழகத்தின் சொந்தக் குறைதீர்ப்பு அலுவலகமே 2013இல் வெளியிட்ட தணிக்கையில் குறிப்பிட்டது.

மூன்றாவது நிலையில் கடல் கரிக்கான கிடங்காயிற்று. இது புகைபோக்கியின் வழி நிகழ்வதால் கரையோர நிலையம், உள்நாட்டு நிலையம் என்ற வேறுபாடு இதற்கில்லை. ஜார்க்கண்டின் நிலக்கரியும் இறுதியில் கடலையே சென்றடைகிறது. மனிதச் செயல்களால் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையும், புவியில் தேங்கிய மிகைவெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பங்கையும் கடல்களே உள்வாங்கியுள்ளன. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951க்கும் 2015க்கும் இடையில் சராசரியாக 1 டிகிரி சூடேறியது. உலகக் கடல்களின் சராசரி உயர்வு அதே காலத்தில் 0.7 டிகிரி மட்டுமே. இலட்சத்தீவின் பவளப் பாறைகள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெருமளவில் வெளிறின. 1998இல் அங்கிருந்த உயிருள்ள பவளப் பரப்பு, அடுத்த கால் நூற்றாண்டுக்குள் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது.

இவ்வாறு கடல் களஞ்சியமாகவும் தொட்டியாகவும் கிடங்காகவும் பயன்பட்ட காலத்திலேயே வீட்டு மின்சிக்கனத்தின் வரலாறும் வளர்ந்தது. 2001இல் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2002இல் எரிசக்தித் திறன் பணியகம் அமைந்தது. 2006இல் மின்சாதனங்களுக்கு நட்சத்திரக் குறியீடு வந்தது. 2009இல் தொடங்கிய பச்சத் விளக்குத் திட்டம், கார்பன் வரவு விற்பனையை நம்பி, சிஎஃப்எல் விளக்குகளைக் குண்டு பல்பின் விலையான 15 ரூபாய்க்கு வழங்க முயன்றது. பன்னாட்டுச் சந்தையில் கார்பன் வரவின் விலை சரிந்தபோது அத்திட்டமும் தளர்ந்தது.

அதன்பின் 2015 ஜனவரி 5 அன்று உஜாலா திட்டம் தொடங்கப்பட்டது. எல்இடி விளக்குகளை அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்ததால், 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை சில ஆண்டுகளில் 40 ரூபாய்க்கும் கீழிறங்கியது. 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் வழங்கப்பட்டன. 60 வாட் குண்டு பல்பின் இடத்தில் 9 வாட் எல்இடி நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 93 யூனிட் மிச்சமாகும். வழங்கப்பட்ட விளக்குகள் அனைத்தாலும் தவிர்க்கப்பட்ட உச்சநேரத் தேவை 9,500 மெகாவாட்டுக்கும் அதிகம் என்பது அரசின் மதிப்பீடு. முந்த்ராவைப் போன்ற இரண்டு நிலையங்களின் முழுத்திறனையும் விஞ்சிய அளவு அது.

வரலாற்று மாணவர் கருத வேண்டிய செய்தி ஒன்று இதில் உள்ளது. நாற்பதாண்டுக் கால அறிவுரைகள் சாதிக்காததை ஒரு விலைக்குறைப்பு சாதித்தது. சிக்கனம் தனிமனித ஒழுக்கமாக மட்டும் போதிக்கப்பட்டபோது அதன் விளைவைக் கணக்கிடவே இயலவில்லை. அது கொள்முதல் முறையாகவும் தரவிதியாகவும் மாறியபோதுதான் மின்நிலையங்களின் அளவில் எண்ணத்தக்கதாயிற்று.

ஒரு வீட்டில் மிஞ்சும் மின்சாரத்தை வேறொரு வீடு செலவிட்டுவிடும், ஆகவே கடலுக்கு இதனால் பயனில்லை என்ற மறுப்பு எழக்கூடும். அதில் ஓரளவு உண்மை உண்டு. 1947இல் இந்தியரின் தலைக்கு ஆண்டு மின்நுகர்வு 16 யூனிட் மட்டுமே. இன்று அது 1,300 யூனிட்டைக் கடந்துவிட்டது. இருளில் இருந்த வீடுகள் ஒளிபெற்றதன் கணக்கும் அந்த உயர்வில் அடங்கும். அதனைக் குறையாகக் கூறுவது அறமாகாது. சிக்கனத்தின் சுமை மிகுதியாக நுகர்வோர்மீதே விழ வேண்டும்.

மறுப்புக்கு முழுமையான விடை 2022ஆம் ஆண்டின் கோடையில் கிடைக்கிறது. இறக்குமதி நிலக்கரியின் விலை உயர்ந்ததால் முந்த்ரா உள்ளிட்ட சில நிலையங்கள் உற்பத்தியை நிறுத்தியோ குறைத்தோ வைத்திருந்தன. வெப்ப அலை வீசியது, மின்தேவை ஏறியது. மே 5 அன்று மின் அமைச்சகம் மின்சாரச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்கீழ், இறக்குமதி நிலக்கரியால் இயங்கும் நிலையங்கள் அனைத்தும் முழுத்திறனில் இயங்க வேண்டும் என ஆணையிட்டது. அவற்றுள் பெரும்பாலானவை கடற்கரையில் நிற்பவை. மின்தொகுப்பில் விலைமிகுந்த நிலையங்கள் இறுதியாக அழைக்கப்படுகின்றன, தேவை தணிந்தால் முதலில் விடுவிக்கப்படுகின்றன. எனவே கடும் வெப்ப நாள்களின் உச்ச நேரத்தில் நகரத்து அறைகள் செலவிடும் மின்சாரத்துக்கும் கரையோரக் கொதிகலன்களுக்கும் உள்ள உறவு மிக நேரடியானது.

அந்தத் தேவையை உயர்த்துவனவற்றுள் குளிர்சாதனங்கள் முதன்மையானவை. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியை இயல்பு அமைப்பாகக் கொண்டு விற்கப்பட வேண்டும் என விதிக்கப்பட்டது. வெப்பநிலை அமைப்பை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணிப்பு. நாட்டின் குளிர்விப்புத் தேவை 2037-38க்குள் எட்டு மடங்காகும் என 2019இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் மதிப்பிட்டுள்ளது. எல்இடி ஈட்டித்தந்த சேமிப்பை இந்த வளர்ச்சி விழுங்கிவிடக்கூடும். பல்புக்கு நிகழ்ந்த மாற்றம் மின்விசிறிக்கும் குளிர்சாதனத்துக்கும் கட்டட வடிவமைப்புக்கும் நிகழாமல் கடலின் சுமை குறையாது.

இலட்சத்தீவில் இந்த உறவை எளிதாகக் காணலாம். அங்கு மின்சாரத்தின் பெரும்பகுதி டீசலால் உற்பத்தியாகிறது, அந்த டீசல் பெருநிலத்திலிருந்து கப்பலில் வருகிறது. ஒரு தீவு வீட்டில் தேவையற்று எரியும் விளக்கு, பவளப் பாறைகளைக் கடந்துவரும் எரிபொருளைச் சற்றே கூட்டுகிறது. பெருநிலத்திலும் நிகழ்வது இதுவே. கம்பிகளின் நீளம் அதனை மறைத்துவிடுகிறது.

ஐம்பதாண்டுகளாக மின்சிக்கனத்தின் பயன் ரூபாயிலும் டாலரிலும் மெகாவாட்டிலும் கணக்கிடப்பட்டு வந்துள்ளது. மிச்சமான ஒவ்வொரு யூனிட்டுக்கும் கடலிலிருந்து உறிஞ்சப்படாத நீர் எவ்வளவு, கடலில் விடப்படாத வெப்பம் எவ்வளவு என்னும் பத்தி அந்தக் கணக்கேட்டில் இன்னும் எழுதப்படவில்லை. முந்த்ராவின் மீனவர்கள் வாஷிங்டன் வரை சென்று கேட்டது, சாராம்சத்தில், அந்தப் பத்தியையே. நீதிமன்றங்கள் தம் எல்லையைக் கூறி விலகிக்கொண்டன. வரலாற்றாய்வுக்கு அத்தகைய எல்லை இல்லை.