ஆப்பிரிக்க மீன்கள் நம் நாடு வந்த வரலாறு

திருப்பதி, சித்தூர் போன்ற நகரங்களில் வண்ண மீன் விற்கும் கடைக்குச் செல்லும் நேயர்கள், மஞ்சளும் நீலமுமாய் மின்னும் சில மீன்களைக் கண்டிருத்தல் கூடும். கடைக்காரர் அவற்றை ஆப்பிரிக்கச் சிக்லிட் என்பார். அதே ஊர் மீன் சந்தையிலோ, சாம்பல் நிறங்கொண்ட ஜிலேபி மீன் கூடையில் குவிந்து கிடக்கும். கண்ணாடித் தொட்டியில் நீந்துவதும் கூடையில் கிடப்பதும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டின் தாயகமும் ஆப்பிரிக்காவே. நிறத்தில் எளியதாகிய ஜிலேபிதான் நம் நாட்டிற்குள் பெருமளவில் முதலில் வந்தது. அதன் வரலாற்றை அறிந்தவர்க்கு, வீட்டுத் தொட்டியில் எந்த மீனோடு எந்த மீனை விடலாம் என்னும் வினாவிற்கு விடை காண்பது எளிதாகும்.

சிக்லிட் குடும்பம் நமக்கு முற்றிலும் அயலானதன்று. இந்தியாவிற்கே உரிய சிக்லிட் மீன்கள் மூன்று உண்டு. அவற்றுள் பெரியது, கேரள மக்கள் கரிமீன் என்று போற்றி உண்ணும் மீன். இன்றைய திருப்பதி மாவட்டத்தின் எல்லைக்குள் பெரும்பகுதி அமைந்த பழவேற்காட்டு ஏரியின் உவர்நீரிலும் இது வாழ்கிறது. இரண்டாவது, விரல் நீளமே வளரும் ஆரஞ்சு நிறச் சிறு மீன். மூன்றாவது கன்னட நாட்டு ஆறுகளில் மட்டும் காணப்படுவது. முதலிரண்டு மீன்களுக்கும் அறிவியற் பெயரிட்டவர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பெர்லின் நகரில் வாழ்ந்த பிளாக் என்னும் அறிஞர். தரங்கம்பாடியிலிருந்த ஜான் என்ற சமயப் பணியாளர் இந்நாட்டு மீன்கள் பலவற்றைப் பதப்படுத்தி அவருக்கு அனுப்பி வந்தார்.

இவ்விரு மீன்களும் ஒரே நீரில் வாழும் முறை வியப்புக்குரியது. கரிமீனின் உடலில் பற்றும் ஒட்டுண்ணிகளைச் சிறிய மீன் கொத்தித் தின்று தூய்மை செய்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் கரிமீனின் முட்டைகளையும் அதுவே தின்றுவிடும். எனினும் இரண்டும் நெடுங்காலமாய் ஒன்றையொன்று அழியாமல் வாழ்ந்து வருகின்றன. ஒரே இடத்தில் பன்னெடுங்காலம் பழகிய உயிர்களுக்குள் இத்தகைய இணக்கம் அமைந்துவிடுகிறது. புதிதாய் வந்த உயிருக்கு அது உடனே கிடைப்பதில்லை.

இனி ஜிலேபி மீனின் பயணத்தைக் காண்போம். மொசாம்பிக் நாட்டில் பயணம் செய்த பீட்டர்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1852-ஆம் ஆண்டில் இம்மீனை உலகிற்கு விளக்கினார். அந்நாட்டின் பெயரே இம்மீனின் அறிவியற் பெயரிலும் நிலைத்தது. 1930-களின் இறுதியில் இது ஜாவாத் தீவின் தென்கரையில் காணப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து அங்கு எவ்வாறு சென்றது என்பது இன்றும் புதிரே. அதைக் கண்டெடுத்து வளர்த்த முஜாயிர் என்ற கிராமத்தாரின் பெயராலேயே இந்தோனேசிய மக்கள் இன்றும் அதனை அழைக்கின்றனர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உணவுப் பற்றாக்குறை மிகுந்தபோது இம்மீன் குளந்தோறும் பரவியது. மலாயாவிற்கும், பின்னர்த் தாய்லாந்திற்கும் சென்றது.

இந்தியாவிற்கு இது வந்த ஆண்டு 1952. மண்டபத்தில் அப்போது அமைந்திருந்த மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் பாங்காக் நகரிலிருந்து இதனைத் தருவித்தனர். சென்னை மாநில மீன்துறையினர் இலங்கையிலிருந்து தருவித்தனர். மண்டபத்தில் பணியாற்றிய பணிக்கரும் தம்பியும் இம்மீனின் இயல்பை ஆராய்ந்து 1954-இல் கட்டுரை வெளியிட்டனர். சித்தூர் மாவட்டம் அன்று சென்னை மாநிலத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1953 அக்டோபர் முதல் நாளில்தான் அது புதிய ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. மழை குறைந்து, ஏரிகளையே நம்பி உழவு நடக்கும் நாடு இது. இத்தகைய நாட்டிற்கு, எந்த நீரிலும் பிழைத்து எதையும் உண்டு வளரும் மீன் ஒரு வரப்பிரசாதமாகவே அந்நாளில் தோன்றியிருக்கும்.

அதை வரவழைத்தவர்களைக் குறை கூறுவது முறையன்று. நாடு விடுதலை பெற்று ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. உணவுப் பங்கீடு நடைமுறையிலிருந்த காலம். ஏழையின் இலையில் ஒரு துண்டு மீன் விழ வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அந்நோக்கம் ஓரளவு நிறைவேறவும் செய்தது.

ஆனால் இம்மீனின் குடும்ப வாழ்க்கையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாய்மீன் தன் முட்டைகளை வாய்க்குள் வைத்தே பொரிக்கிறது. குஞ்சுகள் ஓரளவு வளரும் வரை அவற்றைக் காக்கிறது. ஆகவே பெரும்பாலான குஞ்சுகள் பிழைத்துவிடுகின்றன. இரண்டு மூன்று மாதங்களிலேயே குஞ்சு தாயாகிறது. ஓராண்டில் பலமுறை ஈனுகிறது. விளைவு யாது? குளம் முழுவதும் கையகலங்கூட இல்லாத குறுமீன்களே நிறைகின்றன. கெண்டை இனங்களுக்கு வேண்டிய உணவை இவை பங்கிட்டுக் கொள்ளுகின்றன. இராஜஸ்தானத்து ஜெய்சமந்து ஏரியில் இம்மீன் புகுந்தபின் பெருங்கெண்டைகளின் சராசரி எடை குறைந்தது. இவற்றையெல்லாம் கருதி, இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு 1959-ஆம் ஆண்டில் இம்மீனை மேலும் பரப்புவதற்குத் தடை விதித்தது. தடை வந்தபோது மீன் பல நீர்நிலைகளில் நிலைத்துவிட்டது. ஏழாண்டுகளுக்குள் விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்டான்!

அதே மீன் இலங்கையில் வேறு வகையாய் விளங்கியது. பராக்கிரம சமுத்திரம் முதலிய பழம்பெரும் நீர்த்தேக்கங்களில் அது விடப்பட்ட பின்னர் அங்கு உள்நாட்டு மீன்பிடித் தொழில் செழித்தது. பரந்த தேக்கங்களின் நடுநீரில் வாழ்ந்து பெருகும் உள்ளூர் மீன்கள் அங்கே மிகக் குறைவு. வந்த மீனுக்கு வெற்றிடம் இருந்தது. இங்கோ கட்லா, ரோகு முதலிய கெண்டைகள் முன்னரே குடியிருந்தன. ஆகவே ஒரு மீனை நல்லது என்றோ தீயது என்றோ தனியே பேசுவதில் பொருளில்லை. எந்த நீர், எந்த அண்டை வீட்டார் என்பதையும் சேர்த்தே பேசுதல் வேண்டும்.

இம்மீனுக்குத் திருப்பதியோடு மற்றொரு தொடர்பும் உண்டு. 1954-இல் தோன்றிய திருவேங்கடவன் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையினர், வயல்களிலிருந்து வழியும் பூச்சிக்கொல்லி மருந்து நீர்வாழ் உயிர்களை எவ்வாறு தாக்குகிறது என்று பின்னாளில் ஆராய்ந்தபோது, பல சோதனைகளுக்கு இந்த மொசாம்பிக் மீனையே எடுத்துக்கொண்டனர். அயல்நாட்டு மீன் அதற்குள் அத்துணை எளிதாய்க் கைக்குக் கிடைக்கும் மீனாகிவிட்டது.

வண்ணச் சிக்லிட்களின் கதை இதற்குப் பின்னரே தொடங்குகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் விக்டோரியா, தங்கனிக்கா, மலாவி என்னும் மூன்று பேரேரிகள் உள்ளன. தங்கனிக்காவின் ஆழம் ஏறத்தாழ 1,470 மீட்டர். மலாவியின் ஆழம் 700 மீட்டர். இவ்வேரிகளில் சில மூதாதை இனங்களிலிருந்து நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் கிளைத்தன. பாறையில் படிந்த பாசியைச் சுரண்டி உண்பது ஒன்று. மணலைச் சலித்துப் புழு தேடுவது ஒன்று. பிற மீனின் செதிலைக் கடித்துத் தின்பதும் ஒன்று. மலாவி ஏரியின் வண்ண மீன்கள் 1960-களில் மேனாட்டு வீடுகளுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கின. இன்று சென்னையை அடுத்த கொளத்தூர் வட்டாரம் வண்ண மீன் வாணிகத்திற்கு நாடறிந்த இடமாகும்.

விக்டோரியா ஏரியின் கதியும் நம் நினைவில் நிற்றல் வேண்டும். 1950-களில் அங்கு நைல் பெர்ச் என்னும் பெருமீன் கொண்டுவந்து விடப்பட்டது. அது 1980-களில் பெருகியபோது, அவ்வேரிக்கே உரிய சிக்லிட் இனங்களுள் ஏறத்தாழ இருநூறு மறைந்தன.

இனி, முதன்முதலாகத் தொட்டி வைக்க விரும்பும் அன்பர் செய்ய வேண்டியது என்ன? கோத்திரம் அறிந்து பெண் கொடு என்பார்கள். மீன் தொட்டிக்கும் அம்மொழி பொருந்தும்.

முதலாவது, நீர். மலாவி மீன்களுக்குச் சுண்ணம் கலந்த, சற்றே காரத்தன்மையுள்ள கடின நீர் வேண்டும். சித்தூர் வட்டாரத்தில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடின நீரே. சமையலுக்கு ஆகாது என்று நாம் சலித்துக்கொள்ளும் நீர் இம்மீனுக்கு உகந்ததாகலாம். எனினும் சோதித்தறிந்த பின்னரே பயன்படுத்துக. தென்னமெரிக்க மென்னீர் மீன்களாகிய ஏஞ்சல், நியான் முதலியவற்றையும், தங்க மீனையும் இவற்றோடு சேர்த்தல் கூடாது.

இரண்டாவது, ஓர் ஏரியின் மீன்களோடு அவ்வேரி மீன்களையே சேர்க்க வேண்டும். மலாவி மீனையும் தங்கனிக்கா மீனையும் கலப்பது தொடக்கத்தார்க்கு ஆகாது.

மூன்றாவது, குணம். மலாவிப் பாறை மீன்கள் தமக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு போரிடும் இயல்பின. அவற்றுள் அமைதியானவை சில உண்டு. எலுமிச்சை மஞ்சள் நிறமுள்ள லாபிடோக்ரோமிஸ், துருவின் நிறமுள்ள ரஸ்டி சிக்லிட், ஊதா உடலும் மஞ்சள் வாலும் உடைய ஏசி ஆகிய மூன்றும் தொடக்கத்தார்க்கு ஏற்றவை. ஆரேட்டஸ், கென்யி என்னும் இரண்டும் குஞ்சுப் பருவத்தில் கண்ணைக் கவரும். வளர்ந்தபின் தொட்டியின் மற்ற மீன்களைக் கொன்றுவிடும். அவற்றைத் தவிர்க்க. நிறத்தில் ஒத்த இரண்டு இனங்களைச் சேர்த்தாலும் சண்டை மிகும். ஏனெனில், தன்னைப் போன்றவனையே ஆண்மீன் பகைவனாகக் கருதுகிறது. ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண் மீன்கள் இருத்தல் நலம். குஞ்சில் ஆண் பெண் தெரியாதாகையால், இனத்திற்கு ஆறு குஞ்சுகள் வாங்கி, வளர்ந்தபின் மிகுதியான ஆண்களைக் கடைக்காரரிடமே திருப்பித் தருவது வழக்கம்.

நான்காவது, இடமும் உணவும். நான்கடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 250 லிட்டர் கொள்ளும். அதனினும் சிறிது வேண்டா. கற்களைத் தொட்டியின் அடித்தளத்தின்மீது முதலில் உறுதியாய் அடுக்கி, அதன் பின்னரே மணலை இடுக. மணல்மேல் அடுக்கிய கல், மீன் தோண்டும்போது சரிந்து கண்ணாடியை உடைக்கும். பாசி கலந்த உணவே முதன்மையாய் இருக்கட்டும். இறைச்சி உணவு மிகுந்தால் வயிறு வீங்கி மீன் மடியும். வடிகட்டியைச் சில வாரங்கள் ஓடவிட்டு நீர் பக்குவப்பட்ட பின்னரே மீன்களை விடுக. வாரந்தோறும் நீரில் நான்கிலொரு பங்கை மாற்றுக. சித்திரை வெயிலில் திருப்பதியின் வெப்பம் 40 பாகையைக் கடக்கும். வெந்நீரில் உயிர்க்காற்று குறையுமாகையால் அந்நாட்களில் தொட்டியை நிழலில் வைத்துக் காற்றுக்குழாயை இரவு பகலாய் இயக்குக.

ஐந்தாவது அறிவுரை தொட்டிக்கு வெளியே உள்ளது. வீடு மாறும்போதும், மீன் மிகும்போதும், அலுப்புத் தட்டும்போதும் சிலர் மீன்களை இரக்கத்தோடு ஏரியிலோ கோயிற்குளத்திலோ விட்டுவிடுகின்றனர். அதனைச் செய்யாதீர்கள். சித்தூர் நாட்டு ஏரிகள் மழைக்காலத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு வழிந்தோடுவன. ஓர் ஏரியில் விட்ட மீன் அவ்வேரியிலேயே நிற்பதில்லை. அவ்வாறு பரவும் மீன் ஒருநாள் பழவேற்காட்டுக் கரிமீனுக்கும் அதன் சிறு தோழனுக்கும் பகையாய் வந்து நிற்கலாம். அந்த ஏரியை நம்பி வலை வீசும் குடும்பங்கள் பல.

1952-இல் மீனை வரவழைத்த அறிஞர்களுக்கு ஏழாண்டுப் பட்டறிவின் பின்னரே அதன் முழு இயல்பு விளங்கிற்று. நமக்கு அப்பட்டறிவு முன்கூட்டியே கிடைத்திருக்கிறது. தொட்டியில் விடுமுன் மீனின் தாயகத்தையும், உணவையும், குணத்தையும் கேட்டறியுங்கள். தொட்டியில் விட்ட மீன் கடைசிவரை தொட்டியிலேயே வாழட்டும்.