பெரில்

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். மரைன் இன்ஷூரன்ஸ் பாடத்தில் 'பெரில்ஸ் ஆஃப் தி சீ' என்று ஒரு கேள்வி வரும். புயல், பாறை, கப்பலோடு கப்பல் மோதல் என்று நாலு வரி எழுதினால் ஐந்து மார்க். நானும் எழுதினேன், வாங்கினேன். அந்த வார்த்தையின் கதையை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

பெரில் என்றால் ஆபத்து. லத்தீனிலிருந்து வந்தது. 1779-ல் லண்டன் லாயிட்ஸ்காரர்கள் கப்பல் பாலிசிக்கு ஒரு பொது வாசகம் வைத்தார்கள். கடல், நெருப்பு, எதிரி, கடற்கொள்ளையர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் 'மற்ற எல்லா பெரில்களும்' என்று ஒரு வரி. வில்லங்கம் அங்கேதான்.

1781. லிவர்பூல் முதலாளிகளின் 'ஸாங்' என்ற கப்பல், ஆப்பிரிக்காவின் அக்ராவிலிருந்து 442 அடிமைகளோடு கிளம்பியது. போக வேண்டிய இடம் ஜமைக்கா. கேப்டன் லூக் காலிங்வுட் அதுவரை கப்பல் டாக்டராக இருந்தவர். ஜமைக்கா கண்ணில் பட்டும், வேறு தீவு என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டார்கள். குடிதண்ணீர் பத்தாது என்றார்கள். நவம்பர் 29 தொடங்கி, தவணை தவணையாகச் சுமார் 130 பேரை உயிரோடு கடலில் தள்ளினார்கள். முதல் தவணை, பெண்களும் குழந்தைகளும்.

ஏன் தள்ள வேண்டும்? கணக்கைப் பாருங்கள். அடிமை நோயில் செத்தால் அது இயற்கை மரணம். இன்ஷூரன்ஸ் கிடையாது, நஷ்டம் முதலாளிக்கு. பெரில் வந்து, கப்பலைக் காப்பாற்றச் சரக்கைக் கடலில் எறிந்தால் தலைக்கு 30 பவுண்டு. ஆமாம், சரக்கு.

இன்ஷூரன்ஸ்காரர்கள் பணம் தர மறுத்தார்கள். 1783 மார்ச்சில் ஜூரி முதலாளிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மே மாதம் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் முன்னால் மறுபடி வாதம். கொலையைப் பற்றியா? அதுதான் இல்லை. தீவை அடையாளம் தெரியாமல் கோட்டைவிட்டது கடலின் பெரிலா, கேப்டனின் பிசகா என்று! நடுவில் மழை பெய்தது, அதற்குப் பிறகும் ஆட்களைத் தள்ளினார்கள் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. மறுவிசாரணைக்கு உத்தரவானது. அது நடந்ததாகப் பதிவே இல்லை.

கப்பல் ஜமைக்கா சேர்ந்தபோது மிச்சமிருந்த தண்ணீர், 420 காலன்.

விஷயத்தை முன்னாள் அடிமை ஒலாடா ஈக்வியானோ கொண்டுவந்து சொல்ல, கிரான்வில் ஷார்ப் என்பவர் கொலை வழக்குப் போடச் சொல்லிக் கடற்படைத் தலைமைக்கே எழுதினார். ஒருவர் மீதும் வழக்குப் பாயவில்லை. 1790-களில் பாராளுமன்றம் கண்விழித்து, அடிமைக் கப்பல் பாலிசிகளில் 'மற்ற எல்லா பெரில்களும்' என்ற வாசகம் செல்லாது என்றது. வாசகத்துக்குத்தான் தடை. பிரிட்டிஷ் கப்பல்களின் அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம் 1807-ல்தான் வந்தது.