பொறுத்தல்

'பொறு' என்னும் அடிக்குச் சுமத்தல் என்பதே முதற்பொருள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து ஏற்றத்தில் விறகுக்கட்டைச் சும்மாட்டின்மேல் நிறுத்தி நடக்கும் பெண் தாங்குவதும், பிறர் பிழையை மனத்தில் ஒருவர் தாங்குவதும் ஒரே வினையாகக் கருதப்பட்டமையால், 'பொறை' என்பது பாரத்தையும் க்ஷமையையும் ஒருங்கே குறித்தது. இவ்வடியிற் பிறந்ததே 'பொறுப்பு'. 2009 மே மாதத்து முள்ளிவாய்க்கால் படுகொலைக்குப் பின் ஈழத்துத் தாய்மார் கேட்டுநிற்கும் 'பொறுப்புக்கூறல்' அதன் வழிவந்தது. சுமையை ஏற்றியவன் பொறுப்பேற்காதிருக்கையில், சுமப்பவளிடம் பொறுத்துக்கொள் என்பது அக்கிரமமேயாகும்.

கல்வராயனுக்கு மேற்கே, சித்தேரி மலையடியிலுள்ள வாச்சாத்தியில், மலையாளிப் பழங்குடியினர்மீது 1992 ஜூன் 20 அன்று வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் இழைத்த கொடுமையில், பொறுத்தல், பொறுப்பேற்றல் என்னும் 'பொறு' அடியின் இரு முகங்களும் தெளிவாய்த் தெரிகின்றன. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்கள் காட்டியது பொறுமை, மன்னிப்பன்று. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் இறந்துபோன 54 பேர் நீங்கலாக, எஞ்சிய 215 பேரையும் குற்றவாளிகளெனத் தீர்த்தது. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்து, அப்பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கும்படி அரசுக்குக் கட்டளையிட்டது.