திண்டிவனத்தில் ஓர் இரவு



வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி எல்லோருக்கும் தெரியும். அதன் கதை நம் தளவானூருக்குப் பக்கத்துத் திண்டிவனத்தில் தொடங்கியது என்பது நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாது.

1890களின் தொடக்கம். ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கட்டர், அமெரிக்காவில் படித்துவிட்டுத் திண்டிவனத்தில் இருந்த பெற்றோரிடம் வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள். மூவருக்கும் மனைவி பிரசவத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். ஐடாவின் அப்பா டாக்டர்தான். ஆனால் வேற்று ஆண் வந்து பார்க்கக் கூடாதாம். "நீங்க வாங்கம்மா" என்று ஐடாவைக் கூப்பிட்டார்கள். அவருக்கோ வைத்தியம் தெரியாது. விடிந்ததும் சேதி வந்தது, மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள்.

இந்தியாவில் தங்கவே விரும்பாதிருந்த அந்தப் பெண், திரும்பிப் போய் டாக்டருக்குப் படித்து 1900-ல் வந்தார். 1918-ல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடிப் போய்ச் சாலையோர மரத்தடியில் வைத்தியம் பார்த்தார். 1960-ல் இறக்கும்போது வயது 89. முதுமையிலும் டென்னிஸ் ஆடியவர்!

அன்று பெண்ணைத் தடுத்தது வழக்கம். இன்று? 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வாசலுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். நம் பெண்களோ, "வேலை கிடக்கு, அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார்கள். பிரஷர் வலிக்காது, அதனால்தான் பயம். ரத்தசோகையும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கம் இன்னும் எத்தனை வீட்டில் இருக்கிறது, சொல்லுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது வேறு. அது கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் குறைக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் என்ன?

"வீட்டு வேலையே எக்சர்சைஸ்தான் டீச்சர்" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். உலக்கையும் அம்மியும் இருந்த காலத்துக்கு அது ஓரளவு சரி. அந்தக் காலப் பெண்கள் இரும்பு உடம்போடு இருந்தார்கள் என்று நான் கதைவிட மாட்டேன். மேலே சொன்ன மூன்று பேரும் அந்தக் காலத்தவர்கள்தான். இப்போது மிக்சி, கிரைண்டர், குழாய்த் தண்ணீர். நல்லதுதான். ஆனால் மூச்சு வாங்க வைக்கும் வேலை குறைந்துவிட்டது. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள், தினம் அரை மணி. அவ்வளவுதான்.

காலை ஐந்தரைக்கு நானும் நாலைந்து பெண்களும் மகேந்திரவர்மன் குடைவரை வரை நடக்கிறோம். துவாரபாலகர்களுக்கு ஒரு கும்பிடு, அப்படியே வீடு. ஊரில் இருக்கிற பெண்கள் வந்து சேர்ந்துகொள்ளலாம். வெளியூரில் இருப்பவர்கள் இன்று அம்மாவுக்குப் போன் போட்டு, கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தாய் என்று கேட்டுவிட்டு, பதிலைக் கமெண்டில் எழுதுங்கள்.