பாதி வழி வந்தவரும் நம்மவரே

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவினார். பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்த்தவரும் அவரே. 1927 இல் கொழும்பில் தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கம் டொனமூர் ஆணைக்குழு முன் கேட்டதும் வரையறைக்குட்பட்ட வாக்குரிமையைத்தான். தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்கும் அது வேண்டுமா என்று வினவப்பட்டபோது, சங்கச் செயலாளர் அக்னஸ் டி சில்வா தயங்காமல் ஆம் என்றார். 1931 இல் 21 வயது நிரம்பிய பெண்களும் ஆண்களுடன் வாக்களித்தனர். தோட்டத் தொழிலாளர் பலரை மட்டும் வதிவிட நிபந்தனை தடுத்தது.

இராமநாதனை அன்று சமூகம் பெண் கல்வியின் காவலரெனப் போற்றியது. இன்று அவரைப் பாதி வழியில் நின்றவர் என்கிறோம். இரண்டும் உண்மையே. ஆயினும் பள்ளிக்கூட வாசலோடு பயணம் நின்றுவிடவில்லை. உள்ளே போன பெண்கள் மீதித் தூரத்தைத் தாமே நடந்தார்கள்.

எமது சங்கத்திலும் கூட்டந்தோறும் வருபவரை மெச்சி, தூர தேசத்திலிருந்து சந்தா மட்டும் அனுப்பும் சகோதரியைக் குறைவாக எண்ணியிருக்கிறோம். அவரவர் வந்த தூரமும் எமக்கு வேண்டியதே. ஆகவே இம்மலரில் உறுப்பினர் பெயர்களைப் பதவி பாராது அகர வரிசையில் இட்டுள்ளோம்.