மினிபைக் சக்கரம்: ரோட்டைப் பார்க்காமல் பிறந்த ஒன்று

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன வண்டியைப் பத்தி. அதிலும் அதோட சக்கரத்தை மட்டும் பத்தி.

பழைய மினிபைக் ஒண்ணு கைக்கு வந்தா எல்லாரும் முதல்ல எஞ்சினைத்தான் பார்ப்பாங்க. நான் முதல்ல டயரைப் பார்ப்பேன். எஞ்சின் நின்னா வண்டி நிக்கும், அவ்வளவுதான். ஓடிட்டு இருக்கும்போது டயர் கழண்டா நாம கீழே கிடப்போம். அதனால "எந்த ரிம், எந்த டயர் போடலாம்?"னு யாராவது கேட்டா நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன்: அந்தச் சக்கரம் முதல்ல எதுக்காகச் செஞ்சது? இது வரலாற்றுக் கேள்விதான். ஆனா பதில் நேரா பஞ்சர் கடைக்குப் போகும்.

1942. இரண்டாம் உலகப் போர். இங்கிலாந்தின் வெல்வின் பக்கத்துல இருந்த ஒரு ரகசிய ஆய்வுக்கூடத்துல 'வெல்பைக்' உருவாச்சு. 98 சிசி வில்லியர்ஸ் எஞ்சின். விமானத்துல இருந்து பாராசூட்டோட இறக்குற உருளைப் பெட்டிக்குள்ள மடிச்சு வைக்கணும் என்பதுதான் நிபந்தனை. சக்கரம் ஏன் அவ்வளவு சின்னது? பெட்டி அவ்வளவுதான் இருந்தது. ரோட்டை யாரும் கேக்கல.

அடுத்து ஜப்பான். 1961-ல் டோக்கியோ பக்கத்துல ஹோண்டா நிறுவனத்துக்குச் சொந்தமான டாமா டெக் பொழுதுபோக்குப் பூங்கா. அங்கே சிறுவர்கள் ஓட்டுறதுக்குன்னு இசட்100 என்ற குட்டி வண்டியைச் செஞ்சாங்க. 5 அங்குல ரிம், சஸ்பென்ஷன் கிடையாது. பெரியவங்க இதுல உக்காந்தா குரங்கு மாதிரி தெரிஞ்சாங்களாம்; 'மங்க்கி'ங்கிற பேருக்குப் பொதுவா சொல்ற காரணம் இதுதான். 1967-ல் ஜப்பான் ரோட்டுக்கு வந்த இசட்50எம் மாடலிலும் அதே 5 அங்குலம். ஹேண்டில்பாரை மடிச்சு கார் டிக்கியில போடலாம். வெல்பைக்குக்குப் பாராசூட் பெட்டி, இதுக்கு டிக்கி.

ஆனா ரோடு தன் வேலையைக் காட்டும். பூங்காவின் வழவழப்பான பாதையில 5 அங்குலம் போதும். தெருவில் அதே சக்கரம் சின்னப் பள்ளத்துலயும் உள்ளே இறங்கி முட்டும். பெரிய சக்கரம் அதன் மேலேயே உருண்டு போயிடும். 1969-ல் வந்த இசட்50ஏ மாடலில் ஹோண்டா 8 அங்குலத்துக்கு மாறி, முன்னாடி சஸ்பென்ஷனும் கொடுத்தாங்க. 2018-ல் வந்த 125 சிசி மங்க்கியில 12 அங்குலம். அதாவது, "ரிம் சைஸை மாத்தலாமா?"ன்னு நாம இன்னைக்குக் கேக்குற கேள்விக்கு கம்பெனியே ரெண்டு தடவை பதில் சொல்லியிருக்கு. ஆனா ஒவ்வொரு தடவையும் சக்கரத்தோட சேர்த்து வண்டியையும் மாத்தினாங்க. நாம பெரும்பாலும் அந்தப் பாதியை மறந்துடுறோம்.

மூணாவது கதை அமெரிக்கா. 1960-களில் அங்கே மினிபைக் மோகம். வளைச்ச பைப் சட்டம், புல்வெட்டி வகை எஞ்சின், கையில கிடைச்ச சின்னச் சக்கரம். இன்னைக்கும் பல மினிபைக்குல வர்ற 4.10/3.50-4 அளவு, மூட்டை தூக்குற தள்ளுவண்டிக்கும் அதே அளவுதான். ஆபத்து இங்கேதான். தள்ளுவண்டி டயர் நடந்து போற வேகத்துக்குச் செஞ்சது. அளவு பொருந்துது, விலை குறைவுன்னு அதை வாங்கி 40 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டினா, அது தாங்கும்னு யாரும் உறுதி கொடுக்கல. டயரின் பக்கச்சுவரைப் படிங்க. ரோட்டுக்கு இல்லைன்னு போட்டிருந்தா அங்கேயே வெச்சிடுங்க.

பக்கச்சுவரைப் படிக்கிறதுக்கு மூணு மொழி தெரியணும். 3.50-8 என்றால் சுமார் 3.5 அங்குல அகலம், 8 அங்குல ரிம். 120/80-12 என்றால் 120 மில்லிமீட்டர் அகலம், அதில் 80 சதவீதம் உயரம், 12 அங்குல ரிம். இப்போ வர்ற சில மினிபைக்குகளில் 19×7-8 இருக்கும். அது ஏடிவி வண்டிகளின் மொழி: மொத்த விட்டம் 19, அகலம் 7, ரிம் 8. முதலாவதிலும் கடைசியிலும் 8 இருக்கு. அதனால ரெண்டும் ஒரே ரிம்ல உக்காருமா? உக்காராது. விட்டம் ஒண்ணுதான், ரிம்மின் அகலம் வேற.

நம்ம ஊருக்கும் இதுல ஒரு தொடர்பு இருக்கு. பஜாஜ் ஆட்டோவின் டயர் 4.00-8, பழைய சேத்தக் ஸ்கூட்டரின் டயர் 3.50-10. "8 அங்குலம்தானே, ஆட்டோ டயரையே போட்டுடலாம்"னு சொல்ற ஆள் எல்லா ஊர்லயும் இருப்பார். ரிம்ல ஏறலாம். ஆனா அது வளைவுல சாயாத மூணு சக்கர வண்டிக்கு, கனமான சுமைக்குன்னு செஞ்சது. மினிபைக் சாய்ஞ்சுதான் திரும்பும். போதாக்குறைக்கு, அகலம் கூடினா ஃபோர்க்கிலோ சுவிங் ஆர்மிலோ உரசும்.

சரி, 8-ல் இருந்து 10 அங்குலத்துக்குப் போறீங்கன்னு வைங்க. 3.50-8 டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 15 அங்குலம், 3.50-10 ஏறக்குறைய 17. ஒரு சுற்றுக்கு 13 சதவீதம் அதிக தூரம். முன்சக்கரத்துல இருந்து ஓடுற ஸ்பீடோமீட்டர் 40 காட்டும்போது நீங்க 45-ல் போறீங்க. 50 சிசி எஞ்சினுக்கு மேடு ஏற மூச்சு வாங்கும். பின் ஸ்பிராக்கெட்டைப் பெரிசாக்கணும். மட்கார்டு இடிக்குதா, பிரேக் போதுமான்னும் பார்க்கணும்.

கடைசியா, உயிர் சம்பந்தப்பட்ட ஒண்ணு. இந்தப் பழைய குட்டி ரிம்கள் பல, ரெண்டு தட்டை போல்ட்டு போட்டுச் சேர்த்தவை. பழைய சேத்தக் ரிம்மும் அப்படித்தான், அதனால பழைய ஸ்கூட்டர் மெக்கானிக் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்: காத்தை முழுசா இறக்காம அந்த நட்டுல ஸ்பானர் வைக்கக் கூடாது. உள்ளே டியூப் அழுத்தத்தோட இருந்தா கடைசி நட்டு கழலும்போது ரெண்டு தட்டும் வெடிச்சுப் பறக்கும். வால்வைக் கழட்டுங்க, டயரை அமுக்கிப் பாருங்க, அப்புறம் நட்டு. அதே மாதிரி, பழைய ஸ்டாக் டயர் வாங்கினா பக்கச்சுவரில் நாலு இலக்கத்தைத் தேடுங்க. 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம். பட்டன் தேயாம பளபளன்னு இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும்.

பாராசூட் பெட்டி, பூங்கா, தள்ளுவண்டி: இந்த மூணு சக்கரமும் ரோட்டைப் பார்க்காம பிறந்தவை. ரோட்டை யோசிக்க வேண்டிய பொறுப்பு இப்போ வாங்குறவங்க கையில. கண்காட்சிக்கு வைக்கிற வண்டின்னா பழைய அளவை அப்படியே காப்பாத்துங்க. தினமும் ஓட்டுற வண்டின்னா ரோட்டுக்குச் செஞ்ச டயரை மட்டும் வாங்குங்க, அழகு அப்புறம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.