கதைக்கு வாய் உண்டு

சிறுகதை என்பது கண்ணால் படிக்க வேண்டிய சரக்கா, காதால் கேட்க வேண்டிய சரக்கா? "இதென்ன ஐயா கேள்வி! அச்சடித்துப் புத்தகமாகப் போட்டிருப்பது படிக்கத்தானே?" என்று வாசகர்கள் சொல்லக்கூடும். நியாயந்தான். ஆனால் சரித்திரம் இந்த வழக்கை அவ்வளவு சுலபமாகத் தீர்த்துவிடவில்லை.

தமிழின் முதல் சிறுகதை என்று பலரும் கொண்டாடுகிற வ. வே. சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 1915-இல் வெளிவந்தது. அந்தக் கதையைச் சொல்வது யார்? ஓர் அரசமரம்! தாகூர் வங்காளத்தில் ஒரு படித்துறையைப் பேசவைத்திருந்தார். ஐயர் மரத்தைப் பேசவைத்தார். ஆக, நம் சிறுகதை வாயைத் திறந்துகொண்டே பிறந்த குழந்தை. பிற்பாடுதான் நாம் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டி, "சத்தம் போடாதே" என்று அடக்கினோம்.

அதற்கு முன்பும் நம் ஜனங்கள் கதையைக் கேட்டே வளர்ந்தவர்கள். திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதம் படிப்பார்கள். 'பெரிய எழுத்து' நல்லதங்காள் கதையைத் திண்ணையில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கண்ணீர் விடுவார்கள். 1950 முதல் 1954 வரை கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வாராவாரம் வந்தபோது, வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்ட குடும்பங்கள் எத்தனையோ!

ஆனால் தொழில்முறை நடிகர் ஒருவர் மேடையில் உட்கார்ந்து ஒரு சிறுகதையை வாசிப்பது என்பது வேறு விஷயம். அதற்குத் தமிழ் உரைநடை முதலில் மேடையேற வேண்டியிருந்தது. பாட்டே பிரதானமாக இருந்த நாடக மேடையில் வசனத்துக்கு மரியாதை தேடித் தந்தவர்களில் முன் நிற்பவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-இல் அவர் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர் பேரோடு ஒட்டிக்கொண்ட பம்மல், கீழ்க்கட்டளைக்கு நெடுந்தூரமில்லை; நடுவே பல்லாவரம், அவ்வளவுதான். 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது இரண்டு ஊர்களும் அதற்குள் அடங்கிவிட்டன.

பிறகு ஒலிபெருக்கி வந்தது. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. பாய்ஸ் கம்பெனிக் காலத்து நடிகர்கள் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று தொண்டையைத் தீட்டினார்கள். மைக்கின் முன்னாலோ, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் பேசினால் போதும். சிறுகதைக்குத் தேவையான அந்தரங்கக் குரல் அப்போதுதான் கைக்கு வந்தது. எஸ். வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ், பி. எஸ். ராமையா, தி. ஜானகிராமன் போன்ற கதாசிரியர்களை நாடக மேடைக்கு அழைத்து வந்தது. ஆனால் அவர்கள் அங்கே கொடுத்தவை நாடகங்களே. கதை கதையாகவே மேடையேறவில்லை.

வெளிநாட்டில் இதற்கு வழிகாட்டியவர் சார்ல்ஸ் டிக்கன்ஸ். 1853-இல் பர்மிங்ஹாம் நகரில் தர்ம காரியத்துக்காகத் தம் கிறிஸ்துமஸ் கதையை வாசித்தார். 1858 முதல் கட்டணம் வைத்தே வாசித்தார். கூட்டம் நெருக்கியடித்தது. 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் வரும் கொலைக் கட்டத்தை அவர் வாசிப்பதைக் கேட்டவர்கள் நடுநடுங்கிப் போனார்களாம். ஆனால் அந்த ஆவேசம் அவர் உடம்பையும் உருக்கியது. 1870 மார்ச்சில் கடைசியாக வாசித்தார், ஜூனில் காலமானார்.

நியூயார்க்கில் 'சிம்பொனி ஸ்பேஸ்' என்ற அரங்கில் 1985-இல் தொடங்கிய சிறுகதை வாசிப்பு நிகழ்ச்சியில், பெயர்பெற்ற நடிகர்கள் கையில் காகிதத்தோடு நின்று கதை படிக்கிறார்கள். வேஷமில்லை, திரையில்லை. நம் நாட்டிலேயே நஸிருதீன் ஷாவின் 'மோட்லி' குழு, இஸ்மத் சுக்தாயின் உருதுக் கதைகளை நாடகமாக மாற்றாமல், கதைகளாகவே மேடையில் சொல்லிப் புகழ் பெற்றது.

இதில் ஓர் அபாயமும் உண்டு. நடிகர் கெட்டிக்காரராக இருந்தால், கதாசிரியரை விழுங்கிவிடுவார்! புதுமைப்பித்தனின் கேலிக்கு அவர் முன்கூட்டியே சிரித்துவிட்டால் நாம் எதற்குச் சிரிப்பது? கு. ப. ராஜகோபாலன் சொல்லாமல் விட்ட இடத்தில் அவர் பெருமூச்சு விட்டால், அந்த மௌனத்தின் கதி என்ன? வாசிப்பது வேறு, நடிப்பது வேறு. வாசிக்கிற நடிகர் பாத்திரமாக மாறக்கூடாது. பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். இது நடிப்பைவிடக் கடினமான வித்தை என்பது என் அபிப்பிராயம்.

இந்த வித்தை நமக்கு ஏன் வேண்டும்? கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம் பக்கத்து அடுக்குமாடி வீடுகளைப் பாருங்கள். பேரனுக்குத் தமிழ் பேச வரும்; எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பொறுமை போய்விடும். தாத்தாவுக்குப் படிக்க ஆசை, கண் ஒத்துழைப்பதில்லை. இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கிறது! புதுமைப்பித்தன் 1948-இல் மறைந்தார். அவர் நூல்கள் கடையில் கிடைக்கின்றன என்பது மெய். ஆனால் கிடைப்பதும் போய்ச் சேர்வதும் ஒன்றாகுமா? படிக்கும் கூட்டம் குறையக் குறைய, நல்ல கதைகள் பரீட்சைக்குரிய பாடங்களாக மட்டும் மிஞ்சிவிடும். ஒரு பாஷைக்கு அதைவிடப் பெரிய தரித்திரம் வேறில்லை.

பரிகாரத்துக்கு அதிகச் செலவில்லை. ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு புத்தகம். நாற்பது பேர் உட்கார ஒரு கூடம். முகூர்த்தமில்லாத நாட்களில் கலியாண மண்டபங்கள் சும்மாதானே கிடக்கின்றன? ஆனால் நடிகருக்குச் சன்மானம் கட்டாயம் கொடுக்க வேண்டும். தேங்காயும் பழமும் பொன்னாடையும் போர்த்தி அனுப்பிவிட்டு, அடுத்த வருஷமும் அவர் வருவார் என்று எதிர்பார்க்கக்கூடாது!